ஸ்க்ரூடிரைவரை எடு, தம்பி!

"கடல்காத்துக்கு இரும்பு நிக்காதுண்ணே."

ராமேஸ்வரம் தொடங்கி நாகப்பட்டினம் வரை எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும் இந்த வாக்கியம் கிடைக்கும். காசு வாங்காமல் சொல்வார்கள். பழைய ஜீப்பின் கதவுக்கு அடியில் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, பெயின்ட் பொருக்கோடு துரு கொட்டுவதைக் காட்டிவிட்டுச் சொல்வார்கள். நீயும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய்.

ஏன் ஆட்டினாய்?

அந்தக் கடல்காற்றின் நடுவில்தான் பாம்பன் பாலம் நின்றது. 1914 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கிய இரும்புப் பாலம் அது. 1964 டிசம்பர் புயல் அதன் கர்டர்களைப் பிய்த்துக் கடலில் வீசியது. சரிசெய்ய ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். இளம் எஞ்சினியராக இருந்த ஸ்ரீதரனின் குழு, கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றி, 46 நாளில் வேலையை முடித்தது. கடைசியில் அரிப்பு முற்றி அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தியது 2022 டிசம்பரில். நடுவில் போனது 108 வருடம்! அத்தனை காலமும் அந்தப் பாலம் வரம் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆட்கள் துருவைச் சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், அடித்து முடித்த இடத்திலிருந்து மறுபடி சுரண்டினார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலத்தைக் கையால் காப்பாற்றிய ஊர் இது. மூன்றடி அகலக் கதவு உன்னை மிரட்டுகிறதா?

மேடையில் தன்னம்பிக்கை பேசுபவர்களுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. 'இரும்பு நெஞ்சம்' என்பார்கள், 'துருப்பிடித்த மனம்' என்பார்கள், கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம். நான் சொல்லும் இரும்பு இரும்புதான், கதவு கதவுதான். 'என்னால் முடியும்' என்று கண்ணாடி முன் நின்று நூறு தடவை சொன்னவனைவிட, ஒரு கதவின் உள்பலகையை ஒரே ஒரு தடவை கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் முதுகு நிமிரும். நம்பிக்கை வாயில் ஊறாது. கையில்தான் ஊறும். ஆகவே கையை நீட்டு.

உன்னிடம் இருப்பது எந்த வண்டி? 1985-ல் வந்து 2019-ஓடு பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன ஜிப்ஸியா? ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, கைமாறி உன்னிடம் வந்ததா? வால்பாறைத் தோட்டத்தில் ஓடி ஓய்ந்த மஹிந்திராவா? அப்பா விட்டுப்போன பழைய பொலிரோவா? எதுவானாலும் சரி. 15 வருடம் தாண்டியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பாய். இன்ஜின் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாய். டயர் பற்றி இரண்டு மணி நேரம். கதவின் அடிவிளிம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் தொங்கிவிடுகிறது. "அது ஆச்சு சார், உளுத்துப்போச்சு."

உளுத்துப்போகவில்லை. நீ விட்டுவிட்டாய். இரண்டுக்கும் நிறைய தூரம் இருக்கிறது.

முதலில் எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள். கதவு என்பது ஒற்றைத் தகடு இல்லை. வெளியே ஒரு தகடு, பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே ஒரு சட்டம். வெளித்தகட்டின் ஓரத்தை உள்சட்டத்தின் மேல் மடக்கி அழுத்தியிருப்பார்கள். கதவைத் திறந்து குனிந்து, அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார். அந்த மடிப்பு தட்டுப்படும். இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. தண்ணீர் அதற்குள் தானாக ஏறும், ஏறியது இறங்காது. பெயின்ட் அதற்குள் போகாது. துரு பிறக்கும் இடம் அதுதான். நீ வெளியே பார்க்கும் கொப்புளம் துருவின் தொடக்கம் என்று நினைக்கிறாய். இல்லை, அது உள்ளேயிருந்து தின்றுகொண்டே வந்து கடைசியாக வெளியே எட்டிப் பார்க்கும் முகம். இரும்பு துருவாக மாறும்போது இடம் அதிகம் கேட்கும். அதனால்தான் பெயின்ட் உப்புகிறது, மடிப்பு வாயைப் பிளக்கிறது, பிளந்த வாயில் இன்னும் தண்ணீர் போகிறது.

தண்ணீர் எப்படிக் கதவுக்குள் போகிறது என்று கேள். கண்ணாடி ஏறி இறங்கும் வாய் இருக்கிறதே, அதன் வழியாக. ரப்பர் பீடிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மழைத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் வடிகால் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். மேலே நுழைந்த தண்ணீர் கீழே ஒழுகிப் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை உடைப்பது யார்? புழுதி, வேப்பிலைச் சருகு, தனுஷ்கோடி மணல். மூன்றும் சேர்ந்து ஓட்டையை அடைத்துவிட்டால் கதவுக்குள் சின்னக் குளம் கட்டிவிடும். அடுத்த தடவை கதவை ஆட்டிப் பார், உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் அது குளத்துத் தண்ணீர்தான்.

2017-ல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும்வரை, தனுஷ்கோடிக்கு ஜீப்பும் வேனும் கடலோரத்து ஈரமணலில்தான் ஓடின. சக்கரம் வாரியடிக்கும் உப்புத்தண்ணீரில் தினமும் குளித்த வண்டிகள் அவை. உப்பு என்ன செய்கிறது என்பதையும் கேட்டுக்கொள். சாப்பாட்டு உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரைந்து நீராகும். கரையோர ராத்திரிகளில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் உன் கதவின் மடிப்பில் உப்பு இருந்தால், அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 'வெயில் காலம்தானே, துரு வராது' என்று தூங்கினால் நஷ்டம் உனக்கு.

இதையெல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த கூடம். துருவைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் அது. மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து, எது எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் அவர்கள். துருவை எதிர்த்து நிற்கும் படிப்பு உன் ஊர்ப்பக்கமே இருக்கிறது. உனக்குத்தான் பட்டறை வாசல் பேச்சு வேதவாக்காகப் படுகிறது!

சரி, ஸ்க்ரூடிரைவரை எடு.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்று. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடு. கைப்பிடி ஸ்க்ரூக்களைக் கழற்று. கண்ணாடி சுற்றும் கைப்பிடி மட்டும் வராது, பயப்படாதே. அதன் பின்னால் லாட வடிவில் ஒரு கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பழைய பனியன் துணியை நாடாவாகக் கிழித்து, கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியுமாக இழு. 'டிக்' என்று கிளிப் தெறித்து விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள். இந்த ஒரு வித்தை தெரியாததால்தான் எத்தனையோ பேர் கதவின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வண்டியை விற்றிருக்கிறார்கள்.

பலகையை ஓரத்திலிருந்து மெல்ல நெம்பு. பிளாஸ்டிக் கிளிப்கள் ஒன்றிரண்டு உடையும். உடையட்டும், கடையில் கிடைக்கும். பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். இல்லையென்றால், முன்பு ஸ்பீக்கர் மாட்டிய புண்ணியவான் கிழித்துப் போட்டிருப்பார். அந்தத் தாளை அலட்சியமாக நினைக்காதே. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் பலகைக்கும் சீட்டுக்கும் வராமல் தடுத்து, மறுபடி கதவின் அடிக்கே அனுப்புவது அதுதான். கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீனில் புதிதாக வெட்டிக்கொள். கடைசியில் ஒட்டும்போது, தாளின் கீழ் ஓரம் கதவின் உள்பக்கமாக இறங்க வேண்டும்.

இப்போது டார்ச் அடித்து உள்ளே பார். வயிற்றைக் கலக்கும், தெரியும். செம்மண் சேறு மாதிரி படிந்திருக்கும். இங்கேதான் பாதிப் பேர் பலகையை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நீ போகாதே! பார்த்துவிட்டாய் அல்லவா, இனி அது உன் கைக்கு அடங்கிய வேலை.

வடிகால் ஓட்டைகளைத் திற. கம்பி வேண்டாம், கம்பி கீறிய இடத்தில் புதுத் துரு பிறக்கும். நைலான் கேபிள் டை ஒன்று போதும். ஓட்டை திறந்ததும் கறுப்புத் தண்ணீரும் மணலுமாகக் கொட்டும். அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உள்ளே அலசு. உப்பு போகாமல் மேலே எதைப் பூசினாலும் வீண். அலசிய பின் காயவிடு. பலகை இல்லாமல், கதவு திறந்தபடி, நல்ல வெயிலில். அவசரப்பட்டாய் என்றால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும்.

காய்ந்ததா? கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒயர் பிரஷ்ஷை எடு. தளர்ந்த துரு முழுக்க உதிரும்வரை தேய். அப்புறம் எமரி தாள். பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும். எட்டாத மூலைகளில் தெரியாது, பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிவிளிம்பு முழுக்கக் குத்திக்கொண்டே போ. உறுதியாக நின்றால் தகடு உயிரோடு இருக்கிறது. உள்ளே போய்விட்டால் அங்கே தகடே இல்லை, பெயின்ட்தான் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் உன் நெஞ்சுரத்துக்குச் சோதனை. "பட்டி பார்த்து அடிச்சுடலாம்ணே, தெரியாது" என்பார்கள். தெரியாது என்பது உண்மைதான், ஆறு மாதத்துக்குத் தெரியாது. ஓட்டையின் மேல் பட்டி பூசினால் பின்னால் இருக்கும் ஈரம் போய்விடுமா? 'வேண்டாம்' என்று சொல்லப் பழகு. "உளுத்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுங்க, அப்புறம் பட்டி பாருங்க" என்று நேராகப் பார்த்துச் சொல். நல்ல டிங்கர் சந்தோஷமாகச் செய்வார். தெரிந்தவன் கேட்கிறான் என்றால் அவர் கையும் கவனமாக ஓடும். நம் ஊர் டிங்கர்களைப்போல மடிப்பைத் தட்டித் திறந்து, தட்டி மூடும் கைகளை எங்கே தேடினாலும் கிடைப்பது அரிது. அவர்களிடம் கேட்கத் தெரியாமல் நாம்தான் மலிவான வேலையை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

வெல்டிங் எதுவாக இருந்தாலும் முதலில் முடிந்துவிட வேண்டும். கடைசியில் கதவுக்குள் மெழுகு அடிக்கப் போகிறாய், மெழுகு அடித்த கதவில் பொறி பட்டால் தீ பிடிக்கும்.

தேய்த்தும் போகாத துருவின் மேல் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசு. பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும்தான் அதன் சூட்சுமம். சிவந்த துரு உன் கண் முன்னாலேயே கறுக்கும். இது ஒன்றும் அந்நிய வித்தை இல்லை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சினார்களே, அதே வேதியியல். கடுக்காயின் துவர்ப்பு இரும்புச்சத்தோடு சேர்ந்து கறுக்கிறது. கறுத்து, உலர்ந்து நின்ற பிறகு எபாக்சி பிரைமர் அடி. கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளாதே. கடலோரக் கதவுக்கு அது போதாது. அதன் மேல் மடிப்பு ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்டை மெல்லிய கோடாக இழுத்து விரலால் அழுத்து. வடிகால் ஓட்டைகளை மட்டும் தொடாதே.

இங்கே எனக்குக் கோபம் வரும் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கதவில் தண்ணீர் ஒழுகுகிறது என்று, பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கானை அடியில் அப்பி ஓட்டையையே மூடிவிடுகிறார்கள். மூக்கை வைத்துப் பார், வினிகர் வாடை அடிக்கும். அந்த வகைச் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. இரும்பின் மேல் அமிலத்தைப் பூசி, வடிகாலையும் அடைத்தால் துருவுக்குப் பந்தி விரித்துப் பரிமாறியாகிவிட்டது. இன்னொரு கூட்டம் எரிந்த இன்ஜின் ஆயிலைக் கதவுக்குள் ஊற்றும். ரப்பர் ஊதும், ஆயிலில் கலந்திருக்கும் அமிலம் தகட்டைத் தொடும், சொட்டுச் சொட்டாக நிலத்திலும் இறங்கும். துருவின் மேலேயே தார் மாதிரி அண்டர் கோட்டிங் அடிப்பதும் இந்த ரகம்தான். மூடி மறைத்ததால் எந்த எதிரியும் செத்ததில்லை.

உள்ளே அடிக்க வேண்டியது கேவிட்டி வேக்ஸ் எனும் மெழுகு. நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரே கேனாகக் கிடைக்கிறது. பெயின்ட் வேலை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, குழாயைக் கதவின் கடைசி மூலை வரை விட்டு, அழுத்திக்கொண்டே மெல்ல வெளியே இழு. மெழுகு இளகி மடிப்புக்குள் ஊர்ந்து போகும். பெயின்ட் எட்டாத அந்த மயிரிழைக்குள் இது எட்டும், கடைசி வரை பிசுபிசுப்பாகவே நிற்கும், விரிசல் விடாது. கண்ணாடி ஓடும் பாதையில் படாமல் பார்த்துக்கொள். காற்றோட்டமான இடத்தில் அடி, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. மறுநாள் கேபிள் டையை மறுபடி எடுத்து, மெழுகு அடைத்த வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிடு. இதை மறந்தால் முதலில் இருந்த குளம் மறுபடி கட்டும்.

உன் வண்டி பழைய லேண்ட் ரோவரா? அப்படியென்றால் உன் சண்டை வேறு. அதன் கதவில் வெளித்தகடு அலுமினியம், உள்சட்டம் இரும்பு. இரண்டு உலோகமும் உரசும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், சட்டமோ உள்ளே தனியாகத் துருப்பிடிக்கும். இரண்டும் நேராகத் தொடாமல் நடுவே பிரைமரோ சீலன்டோ நிற்க வேண்டும். 'இத்தனை வயசான வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு' என்று கேட்பவர்களுக்கு மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங் என்ற மலையூரைக் காட்டு. 3,636 மீட்டர் உயர சண்டக்பூவுக்கு 1950-களின் லேண்ட் ரோவர்களிலேயே பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பேர் வாங்கிய ஓட்டுநர்கள் அங்கே இருக்கிறார்கள். பனி, மழை, கல்பாதை. நம்மைவிட வசதி அவர்களுக்கு அதிகமா என்ன? ஸ்பேனரைத் தொடக் கூச்சம் இல்லை, அவ்வளவுதான்.

நாள் பார்க்க வேண்டுமா? நல்ல நாள் நான் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வருகிறது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதற்கு முந்தின ஞாயிறு கதவின் உள்பலகையைக் கழற்றி ஓட்டைகளைத் திறந்து, மெழுகைப் பார்த்துவிடு. அதைவிடப் பெரிய பூஜை அந்த வண்டிக்கு இல்லை. பொங்கலுக்கு மழை ஓய்ந்ததும் இன்னொரு பார்வை. வால்பாறை, கூடலூர் பக்கம் என்றால் தென்மேற்கு மழை முந்திக்கொள்ளும், மே மாதமே முடித்துவிடு. நடுவில் கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவு. வாட்டர் சர்வீசில் பிரஷர் குழாயைக் கண்ணாடி வாய்க்கு நேராகப் பிடிக்க விடாதே. கழுவியதும் நாலு கதவையும் திறந்துவைத்துச் சொட்டவிடு. ஈர வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டாதே.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். "எதுக்குப்பா உனக்கு இந்த வேலை, நூறு ரூபாய் கொடுத்தா எவனாவது செஞ்சுட்டுப் போறான்" என்பார். பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதே. டார்ச்சை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல். கறுப்புத் தண்ணீர் கொட்டுவதை ஒருதடவை பார்த்துவிட்டால், சாயங்காலம் அவர் தன் வண்டிச் சாவியோடு வந்து நிற்பார். வீட்டில் தங்கை இருந்தால் அவளையும் கூப்பிடு. மெல்லிய விரல் நுழையும் மூலைகள் கதவுக்குள் நிறைய உண்டு. அடுத்த வருடம் அவள் உனக்குச் சொல்லித்தருவாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவு முடிந்ததும் களைத்து உட்கார்ந்துவிடாதே. பின்கதவு பாக்கி. ஸ்டெப்னி அதில் தொங்குகிறதா? அந்தப் பாரத்தில் கீலைச் சுற்றித் தகடு விரிசல் விட்டிருக்கும், விரிசலுக்குள் துரு இறங்கியிருக்கும், சக்கரம் மறைப்பதால் கண்ணில் படாது. நட்டுகளைக் கழற்று. சக்கரத்தை இறக்கு. ஒயர் பிரஷ் எங்கே வைத்தாய்?